ரிசோட்டோவில் ஒட்டியிருப்பது என்ன?

கல்யாண வரவேற்பு ஒன்றில் பந்திக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மேசை போட்டு, இத்தாலியச் சமையல் என்று எழுதி வைத்திருந்தார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட பையன் ஒருவன் பெரிய வாணலியில் எதையோ கிளறிக்கொண்டிருந்தான். என் சித்தப்பா தட்டில் கொஞ்சம் வாங்கிவந்தார். கரண்டியால் இழுத்துப் பார்த்தார், ஒரு வாய் போட்டுக்கொண்டார். பிறகு தீர்ப்பு வந்தது: "இது நம் சொல்தான். அரிசி, ஒட்டு. அரிசொட்டு. ஒட்டிக்கொள்கிற அரிசி. அதைத்தான் ரிசோட்டோ என்கிறார்கள்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் தலையாட்டினார்கள். மறுநாள் காலையில் அது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது, கைகூப்பும் படத்தோடு.

சித்தப்பாவைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ரிசோட்டோ என்ற பெயருக்கு ஊரில் உலவும் மற்ற விளக்கங்கள் இதைவிட ஒன்றும் மேலானவை அல்ல. 'வேகவைத்த அரிசி' என்பார்கள் சிலர். 'எட்டு' என்ற எண் உள்ளே இருக்கிறது என்பார்கள் சிலர். 'குட்டி அரிசி' என்று மொழிபெயர்ப்பவர்களும் உண்டு. முதல் இரண்டும் தவறு. மூன்றாவது, சரியான தெருவுக்குப் போய்த் தவறான வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

சரியான விடை சின்னது. ரிசோ என்றால் இத்தாலிய மொழியில் அரிசி. அதன் வாலில் ஒட்டோ என்று ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது. அந்தத் துண்டு என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாக் குழப்பமும்.

அவியல் என்றால் அவித்தது எல்லாமா?

நம் அடுப்பங்கரையிலிருந்தே தொடங்கலாம். பொரியல், வறுவல், அவியல், துவையல், மசியல், பொங்கல். எல்லாவற்றின் முடிவிலும் 'அல்' இருக்கிறது. பொரி என்ற வினையோடு அல் சேர்ந்தால் பொரியல், பொங்கு என்பதோடு சேர்ந்தால் பொங்கல். இப்படிச் சொல்லின் பின்னால் வந்து ஒட்டிப் புதுச்சொல் உண்டாக்கும் துண்டைப் பின்னொட்டு என்கிறோம். தனியே நின்றால் அதற்கு உயிரில்லை. 'எனக்குக் கொஞ்சம் அல் போடுங்கள்' என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது அவியலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கணப்படி அவித்தது எதுவும் அவியல்தான். அப்படியானால் இட்லியும் அவியல், சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அவியல். ஆனால் வீட்டில் அவியல் என்று சொன்னால் வாழைக்காயும் சேனையும் முருங்கைக்காயும் தேங்காய் அரைத்துவிட்டுத் தயிர் சேர்த்த அந்த ஒரே பண்டம்தான். இட்லியைக் கொண்டுவந்து வைத்து, 'இலக்கணப்படி இதுவும் அவியலே' என்று வாதாடினால் சாப்பாடு கிடைக்காது.

இங்கே நடந்தது இரண்டு படி. முதலில், ஒரு பின்னொட்டு சேர்ந்து பொதுவான பொருளுள்ள சொல் உண்டாயிற்று. பிறகு, மக்கள் அதை ஒரு குறிப்பிட்ட பண்டத்துக்கே வைத்துக்கொண்டார்கள். பொதுச்சொல் பெயராக இறுகிவிட்டது. சிறுகீரையும் அப்படித்தான். இடுப்புயரம் வளர்ந்தாலும் அது சிறுகீரை, நேற்று முளைத்த முளைக்கீரையைச் சிறுகீரை என்று சொல்ல முடியாது. பெருங்காயம் பெரிய காயமில்லை என்பதையும் நான் சொல்ல வேண்டியதில்லை.

ரிசோட்டோவுக்கும் இதே இரண்டு படிகள்தான்.

ஒட்டோ என்ற ஒட்டு

இத்தாலியர்களுக்குப் பின்னொட்டு என்றால் கொள்ளை ஆசை. ஒரு பொருள் சின்னதாக இருந்தால் 'இனோ' சேர்ப்பார்கள். பெரிதாக இருந்தால் 'ஒனே'. பிடிக்காவிட்டால் 'ஆச்சோ'. ராகாட்சோ என்றால் பையன். ராகாட்சினோ சின்னப் பையன். ராகாட்சோனே பெரிய உடம்புக்காரப் பையன். ராகாட்சாச்சோ உருப்படாத பையன். நாம் தனிச்சொல்லைத் தேடும் இடத்தில் அவர்கள் வாலை மாற்றி வேலையை முடித்துவிடுகிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் 'ஒட்டோ'வின் குணம் சற்று விசித்திரமானது. அது முழுக்கச் சின்னதும் இல்லை, முழுக்கப் பெரியதும் இல்லை. பாயேசே என்றால் கிராமம். பாயேசொட்டோ என்றால் கிராமத்தில் சற்றுப் பெரியது, நகரம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வளராதது. வெக்கியோ என்றால் கிழவர்; வெக்கியொட்டோ என்றால் வயது கொஞ்சம் ஆனவர். பியெனோ என்றால் நிறைந்தது. பியெனொட்டோ என்றால் பூசினாற்போல் இருப்பவர். ராகாட்சொட்டோ நல்ல கட்டுமஸ்தான பையன். இந்த ஒட்டில் கொஞ்சம் உறுதி, கொஞ்சம் பருமன், கொஞ்சம் நாட்டுப்புற வாடை, ஒரு சிட்டிகை செல்லம் எல்லாம் கலந்திருக்கிறது.

விலங்குகளில் இதற்கு வேறு வேலை. லெப்ரே முயல், லெப்ரொட்டோ முயல்குட்டி. ஆக்விலா கழுகு, ஆக்விலொட்டோ கழுகுக்குஞ்சு. டிக்ரே புலி, டிக்ரொட்டோ புலிக்குட்டி. நாம் குட்டி, குஞ்சு, கன்று என்று பார்த்துப் பார்த்துப் பெயர் வைக்கிறோம். அவர்களுக்கு ஓர் ஒட்டோ போதும். 'குட்டி அரிசி' என்ற மொழிபெயர்ப்பு வந்தது இந்த வழியில்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அரிசி குட்டி போடுவதில்லை.

மூன்றாவது வேலைதான் நமக்கு முக்கியம். சில சொற்களில் ஒட்டோ சேர்ந்ததும் பொருள் வேறொன்றாகிவிடும். பஞ்சா என்றால் வயிறு. பஞ்சொட்டோ என்றால் கட்டைகுட்டையான வயிறு அல்ல, வயிற்றை மூடும் கையில்லாச் சட்டை. காப்பா என்றால் போர்வை போன்ற மேலங்கி. காப்பொட்டோ குளிர்காலக் கோட்டு. வயிறு சம்பந்தப்பட்டது, மேலங்கி சம்பந்தப்பட்டது என்ற அளவில் உறவு நிற்கிறது. மற்றபடி அது புதுப் பொருள், புதுப் பெயர். அவித்ததற்கும் அவியலுக்கும் உள்ள உறவே இது.

ரிசோட்டோ இந்த மூன்றாவது வகை. ரிசோவின் முடிவிலுள்ள உயிர் விலகிக்கொள்ள, ஒட்டோ வந்து அமர்ந்தது. காசு, ஒன்று இரண்டும் சேர்ந்து காசொன்று ஆவதைப் போல. பொருள், 'அரிசியால் ஆன அந்தப் பண்டம்'. அவ்வளவுதான். ஒட்டோவில் பருமன் என்ற சாயல் இருப்பதால், கொழகொழவென்று செழுமையாக இருக்கும் சோற்றுக்கு அந்தப் பெயர் பொருத்தமாக வந்தது என்று கவித்துவமாக எழுதிவிடலாம். பலர் எழுதுகிறார்கள். நான் எழுதமாட்டேன். அவ்வளவு கனத்தை அந்தச் சின்ன வால் தாங்காது.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் எழுதும் ரிசோட்டோ ஆங்கிலம் வழியாக வந்தது. இத்தாலியர் வாயில் நடு உயிர் குறில், அதன்மேல்தான் அழுத்தம், பின்னால் வருவது பல்லைத் தொடும் த்தோ. 'ரிசொத்தோ' என்று எழுதினால் மிலான்காரருக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். இரட்டை மெய்யை முழுதாக ஒலிப்பது அவர்களுக்கும் நமக்கும் பொதுவான பழக்கம். 'பத்து', 'பாட்டு' என்று சொல்லத் தெரிந்தவருக்கு இது சிரமமே இல்லை. தமிழில் நிலைத்துவிட்டது என்பதால் இங்கே ரிசோட்டோ என்றே தொடர்கிறேன்.

இதுவரை சொன்னதைச் சுருக்கிக்கொள்வோம். ரிசோ என்பது அரிசி. ஒட்டோ என்பது தனியே பொருள் தராத பின்னொட்டு. இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட பண்டத்தின் பெயராக இறுகின. சித்தப்பா சொன்ன 'ஒட்டு' இந்தச் சொல்லில் இருக்கிறது. இலக்கண ஒட்டாக மட்டும்.

கொட்டோ, எட்டு, சிரிப்பு

'வேகவைத்த அரிசி' என்ற விளக்கம் ஏன் இவ்வளவு பேரை ஏமாற்றுகிறது என்றால், அதைப் போன்ற உண்மையான சொற்கள் நிறைய இருக்கின்றன. இத்தாலியில் கொட்டோ என்றால் வெந்தது, சுட்டது. டெரகோட்டா என்றால் சுட்ட மண். டெரா மண், கோட்டா சுட்டது. பான்கொட்டோ என்பது பழைய ரொட்டியை வேகவைத்துச் செய்யும் கஞ்சி. பிஸ்கொட்டோ என்றால் இருமுறை சுட்டது. நம் பெட்டிக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்கும் பிஸ்கட்டும் அதே லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு, ஆங்கிலம் சுற்றி வந்ததுதான்.

இந்தச் சொற்களில் எதிலும் 'க' காணாமல் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். ரிசோவும் கொட்டோவும் சேர்ந்திருந்தால் 'ரிசோகொட்டோ' என்றுதான் இருந்திருக்கும். நடுவிலிருந்த ககரத்தை எந்த விதியும் தின்றுவிடவில்லை. அது முதலிலிருந்தே அங்கே இல்லை.

எட்டு விஷயம் இன்னும் எளிது. இத்தாலியில் எட்டுக்கும் ஒட்டோ என்றுதான் பெயர். ஆனால் எண் லத்தீனின் ஒக்டோவிலிருந்து வந்தது. பின்னொட்டுக்கு அதனோடு எந்த உறவும் இல்லை. நம் 'ஆறு' எண்ணாகவும் இருக்கிறது, நதியாகவும் ஓடுகிறது. வைகை ஆறு என்பதால் அதற்கு முன் ஐந்து வைகை இருந்ததாக யாரும் தேடுவதில்லை.

சிரிப்பு மட்டும் இத்தாலியர்களே விரும்பி விளையாடும் குழப்பம். ரிசோ என்றால் அரிசி; ரிசோ என்றால் சிரிப்பும்தான். சிரிப்பு லத்தீனின் ரிசூஸிலிருந்து வந்தது, அரிசி ஒரிசாவிலிருந்து. (அந்த ஒரிசா ஒடிசா மாநிலத்தின் பழைய பெயரல்ல. லத்தீன்காரர்கள் அரிசிக்கு வைத்திருந்த சொல். இதையும் ஒருவர் கிளப்பிவிடுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.) இரண்டு வெவ்வேறு ஊற்றுகள் காலப்போக்கில் ஒரே ஒலியில் வந்து சேர்ந்தன. 'நல்ல ரத்தத்தை உண்டாக்குவது ரிசோ' என்று அங்கே ஒரு பழமொழி. அதில் வருவது சிரிப்பு. அரிசி வியாபாரிக்கும் அது வசதியாகவே இருக்கும்.

ரிசோவும் அரிசியும்

இப்போது வாட்ஸ்அப் குழுவின் முக்கியமான கேள்வி. ஒட்டு போகட்டும், ரிசோ நம் அரிசிதானே?

பாதை இது. இத்தாலிய ரிசோ லத்தீன் ஒரிசாவிலிருந்து வந்தது; அது கிரேக்க ஒருசாவிலிருந்து. வழியில் முன்னாலிருந்த 'ஒ' தேய்ந்து விழுந்தது. ரிசோவிலிருந்து பழைய பிரெஞ்சு ரிஸ், அதிலிருந்து ஆங்கில ரைஸ். நம் ஊர் ரைஸ் மில் வாசலில் எழுதியிருக்கும் அந்த ரைஸ், இத்தாலியைத் தொட்டு வந்த சொல். இந்த அளவில் பெரிய சர்ச்சை இல்லை.

சர்ச்சை கிரேக்கத்துக்கு முன்னால் இருக்கிறது. ஒருசா தமிழ் அரிசியிலிருந்து வந்தது என்று 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் போன்றவர்கள் கருதினார்கள். நம் பாடப்புத்தகங்களிலும் மேடைகளிலும் அதுவே நிலைத்தது. இன்றைய சொற்பிறப்பியலாளர்களில், அதாவது சொற்களின் வரலாற்றை ஆராய்பவர்களில், பலர் வேறு வழியைக் காட்டுகிறார்கள்: கிரேக்கர்களுக்கு இந்தச் சொல் ஈரானிய மொழி ஒன்றிலிருந்து கிடைத்தது. பாரசீகத்தில் அரிசி பிரிஞ்ச். ஆர்மேனியத்தில் பிரிஞ்ச். பஷ்தோவில் 'வ்ரி' என்று தொடங்கும் சொல். சமஸ்கிருதத்தில் வ்ரீஹி. (பிரிஞ்சி சாதம் உங்கள் நாக்கில் வந்திருக்கும். ஒலியை மட்டும் வைத்துத் தாவக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது நானே தாவ முடியாது.)

ஏன் அரிசியை விட்டு அங்கே போகிறார்கள்? இரண்டு காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது ஒலி. கடன்சொல் என்றால் ஒரு மொழி இன்னொன்றிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல். கடன் வாங்குபவர் தன் வாய்க்கு வராத ஒலியை மாற்றுவார், வரும் ஒலியை எதற்கு மாற்ற வேண்டும்? கிரேக்கத்தில் அகரம் தாராளமாக உண்டு. அரிசி என்று காதில் விழுந்திருந்தால் 'அ' என்றே தொடங்கியிருக்கலாம். ஆனால் வகர ஒலி ஏதென்ஸ் பக்கத்துக் கிரேக்கத்தில் மறைந்துவிட்டிருந்தது. 'வ்ரி' என்று தொடங்கும் சொல் வந்தால் அந்த வகரத்தை 'ஒ' என்று சமாளிப்பது அவர்களுக்கு இயல்பு.

இரண்டாவது காலமும் வழியும். அலெக்சாந்தர் இந்தியாவுக்கு வந்து போன பிறகு தியோஃப்ராஸ்டஸ் என்ற கிரேக்க அறிஞர் இந்தியர்கள் அதிகமாக விதைத்து வேகவைத்து உண்ணும் இந்தத் தானியத்தைப் பற்றி எழுதினார். அதற்கும் முன்பே, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நாடகாசிரியர் சோபாக்ளிஸ் 'ஒரிந்தா' ரொட்டி என்று ஒன்றைக் குறிப்பிட்டிருக்கிறார். ஒரிந்தாவில் இருக்கும் அந்த 'ந்' பிரிஞ்சோடு பொருந்துகிறது, அரிசியோடு பொருந்தவில்லை. சொல் தரைவழியாக, பாரசீகப் பேரரசின் ஊடாக மேற்கே நடந்தது என்ற எண்ணத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

அதனால் தமிழுக்கும் இதற்கும் ஒன்றுமே இல்லை என்று எதிர்ப்பக்கம் போய்க் குதிக்கவும் வேண்டாம். வ்ரீஹி என்ற சொல் ரிக்வேதத்தில் இல்லை. அதர்வ வேதத்தில்தான் வருகிறது. அது சமஸ்கிருதத்துக்கே வெளியிலிருந்து வந்த சொல் என்று கருதுபவர்கள் உண்டு. தெலுங்கில் நெல்லுக்கு வரி என்று பெயர், கோண்டியில் வஞ்சி. இந்தத் திராவிடச் சொற்களுக்கும் வ்ரீஹிக்கும் ஆழத்தில் உறவிருக்கலாம் என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. அது நெல் இந்தியாவுக்குள் பயணப்பட்ட காலத்தின் கதை. 'தமிழ் வணிகர் கப்பலில் அரிசியோடு சொல்லையும் ஏற்றி அனுப்பினார்' என்ற கதைக்கும் அதற்கும் வெகுதூரம்.

மேற்கே போன நம் சொல்தான் வேண்டும் என்றால் இஞ்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் இஞ்சிக்கு ட்சென்ட்செரோ. அதை லத்தீன், கிரேக்கம் வழியாகப் பின்தொடர்ந்து போனால் பாலி மொழியின் சிங்கிவேரத்தில் நிற்கும். அந்தச் சொல்லுக்குள் இஞ்சி இருக்கிறது, வேரும் இருக்கிறது என்பது அறிஞர் பலருக்கு உடன்பாடு. எனக்கு ரிசோவைவிட இது நம்பகமான பெருமையாகப் படுகிறது.

சுருக்கமாக: ரிசோ லத்தீன், கிரேக்கம் வழி வந்தது, கிரேக்கத்துக்கு அது ஈரானிய வழியில் வந்தது என்பதே இன்று வலுவான கருத்து, அரிசியிலிருந்து நேரே போனது என்பதற்கு ஒலி ஒத்துழைக்கவில்லை.

மிலானில் ஒட்டிய பெயர்

ஸ்பகெட்டி, பீட்சா என்றே இத்தாலியை நினைத்துப் பழகிவிட்டோம். வடக்கே போ ஆற்றுச் சமவெளியில் காட்சி வேறு. வெர்செல்லி, நொவாரா, பாவியா, மாந்துவா, வெரோனா என்று வயல்கள் நீர் தேங்கிக் கண்ணாடியாகக் கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதிக அரிசி விளைவிப்பது இத்தாலிதான். 1475இல் மிலானின் டியூக் கலியாட்சோ மரியா ஸ்ஃபோர்சா, ஃபெராராவின் டியூக்குக்கு 12 மூட்டை அரிசி அனுப்புவதாக எழுதிய கடிதம் அந்தப் பக்கத்து நெல்வரலாற்றில் புகழ்பெற்றது.

ஆனால் அரிசி வந்ததும் ரிசோட்டோ வந்துவிடவில்லை. 1570இல் போப்பாண்டவரின் சமையற்காரர் பர்த்தலோமியோ ஸ்காப்பி தன் பெரிய சமையல் நூலில் 'லம்பார்டி முறை அரிசி' என்று ஒன்றைத் தருகிறார் (மிலான் இருக்கும் பகுதிதான் லம்பார்டி). வேகவைத்த சோற்றை இறைச்சியோடும் பாலாடைக்கட்டியோடும் அடுக்கடுக்காக வைக்கும் பண்டம் அது. பிரியாணிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வேண்டுமானால் சொல்லலாம், ரிசோட்டோவுக்கு இல்லை.

1809இல் மிலானில் அச்சான ஒரு சமையல் நூலில் ஏறக்குறைய இன்றைய செய்முறையே இருக்கிறது: வெண்ணெய், வெங்காயம், மாட்டெலும்பு மஜ்ஜை, குங்குமப்பூ, சூடான சாறு. ஆனால் பெயர், 'வாணலியில் செய்த மஞ்சள் அரிசி'. இருபது ஆண்டு கழித்து, 1829இல் ஃபெலிச்சே லுராஸ்கி என்ற மிலான் சமையற்காரரின் நூலில் அதே வகைப் பண்டம் 'மிலான் மஞ்சள் ரிசோட்டோ' என்று வருகிறது. மிலான் பேச்சில் இதற்கு ரிசொட் என்று பெயர். ஒட் என்று வெட்டி முடிவது அந்த ஊர்ப் பேச்சின் ஜாடை. ஊர்வாயில் புழங்கிய சொல் அச்சுக்கு ஏறியது என்று கொள்வதுதான் பொருத்தம். 1891இல் பெல்லெக்ரினோ அர்துசி நாட்டுக்கே பொதுவான சமையல் நூல் எழுதியபோது மிலான் ரிசோட்டோவுக்கு மூன்று செய்முறை கொடுத்தார். வடக்கின் ஊர்ப்பெயர் தேசியப் பெயராகிவிட்டது.

மிலான் பெரிய கோயிலின் கண்ணாடி ஓவியங்களுக்குக் குங்குமப்பூ கலந்துகொண்டிருந்த ஓர் இளைஞன், 1574இல் ஒரு கல்யாணத்தில் விளையாட்டாக அதைச் சோற்றில் போட்டான் என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். அது கதைதான். அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் நிறத்துக்குக் காரணம் சொல்கிறதே தவிர, பெயரைப் பற்றி மூச்சுவிடவில்லை.

வாணலியில் நடப்பது

பெயர் 'அரிசிப் பண்டம்' என்று அடக்கமாக இருந்தாலும், வழக்கில் அது குறிப்பது ஒரு முறையை. கடையில் 'ரிசோட்டோ அரிசி' என்று பாக்கெட் விற்பதால் ரிசோட்டோ ஓர் அரிசி ரகம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ரகங்களின் பெயர் ஆர்போரியோ, கர்னரோலி, வியலோனே நானோ போன்றவை. ஆர்போரியோ வெர்செல்லிப் பக்கம் உள்ள ஒரு கிராமம்.

முறை இது. அரிசியைக் கழுவுவதில்லை. நம் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ள வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் மாவுதான் முதலீடு. வெண்ணெயில் வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, அரிசியைப் போட்டு, தொட்டால் விரல் சுடும்வரை வறுக்கிறார்கள். ஒரு கை வெள்ளை ஒயின் ஊற்றினால் சீறிக்கொண்டு ஆவியாகும். பிறகு பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டு, உறிஞ்சியபின் அடுத்த கரண்டி. பதினாறு, பதினெட்டு நிமிடம் இப்படியே. கிளறக் கிளற அரிசியின் மேற்பரப்பிலுள்ள மாவுச்சத்து கரைந்து சாற்றைக் கெட்டியாக்குகிறது. உள்ளே மணி விறைப்பாகவே நிற்கிறது. கடைசியில் அடுப்பை அணைத்து, குளிர்ந்த வெண்ணெயும் பார்மிஜானோ என்ற பாலாடைக்கட்டியின் துருவலும் போட்டு வேகமாக அடித்துக் கலக்குகிறார்கள். தட்டைச் சாய்த்தால் அலைபோல மெல்ல நகர வேண்டும். வெண்பொங்கலின் குழைவும் கூடாது, புலாவின் உதிரியும் கூடாது.

இந்த இலக்கணத்தை மீறிக்கொண்டு மாந்துவாவில் 'ரிசோட்டோ அல்லா பிலோட்டா' என்று ஒன்று உண்டு. பிலோட்டா என்றதும் விமானி என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். இந்த ஆள் பறப்பவரல்ல, நெல் குத்துபவர். பிலா என்பது உமி நீக்கும் குத்துக்கல், நம் உரலுக்கு உறவு. அதில் வேலை செய்தவர்களின் சாப்பாடு இது. கொதிக்கும் அளவுத் தண்ணீரின் நடுவில் அரிசியைக் கூம்பாகக் குவித்துக் கொட்டுவார்கள். கூம்பின் நுனி தண்ணீருக்கு மேலே சற்றே எட்டிப் பார்க்க வேண்டும், அதுதான் அளவுக்கோல். கொஞ்சம் வெந்ததும் மூடி, துணியால் சுற்றி, அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். கிளறலே கிடையாது, சோறு உதிரியாக வரும். ஆனாலும் பெயர் ரிசோட்டோ. பின்னொட்டுக்கு முதலில் இருந்த தளர்வான பொருள், 'அரிசிப் பண்டம்', இங்கே மட்டும் பிழைத்துக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ஒட்டு தனியே புறப்பட்டது

ஒட்டோவுக்குப் பிற்பாடு ஒரு பதவி உயர்வு கிடைத்தது. வடகிழக்கே ஃப்ரியூலியில் வாற்கோதுமையை இதே முறையில் சமைக்கிறார்கள். வாற்கோதுமைக்கு ஒர்சோ என்று பெயர், பண்டத்துக்கு ஒர்சொட்டோ. ஃபார்ரோ என்ற பழங்கோதுமையில் செய்தால் ஃபார்ரொட்டோ. இங்கே ஒட்டோவுக்குப் பருமனும் இல்லை, செல்லமும் இல்லை. 'ரிசோட்டோ முறையில் செய்தது' என்ற புத்தம்புதிய பொருள் ஏறிவிட்டது.

நமக்குத் தெரிந்த உதாரணம் பர்கர். ஹாம்பர்கர் என்பது ஹாம்பர்க் நகரத்தின் பெயரால் வந்தது. பர்கர் என்ற பாதியை வெட்டியெடுத்து வெஜ் பர்கர், சிக்கன் பர்கர் என்று போட்டுக்கொண்டார்கள். இப்போது ஹாம்பர்க்கை யாரும் நினைப்பதில்லை.

நாரத்தை மணம்

அரிசிப் பண்டங்களுக்கு இத்தாலியில் எப்போதும் இப்படி ஒட்டு வைத்துத்தான் பெயர் என்று எண்ணிவிட வேண்டாம். வெனிஸில் ஏப்ரல் 25, புனித மாற்கு திருநாளில் ஆட்சித் தலைவருக்குப் பரிமாறிய பண்டம் ரிசி எ பிசி: அரிசியும் பட்டாணியும், எதுகையோடு. ரோமில் சோற்றைத் தக்காளிச் சாறோடு உருட்டி, நடுவில் மொசரெல்லா என்ற பாலாடைக்கட்டி வைத்துப் பொரிப்பது சுப்ளி; பிரெஞ்சில் வியப்பு என்று பொருள்படும் சுர்ப்ரீஸ் திரிந்து வந்த பெயர். சூடாக இரண்டாகப் பிய்த்தால் பாலாடை நூலாக நீளும். பழைய தொலைபேசியின் ஒயர் மாதிரி இருக்கிறதென்று 'தொலைபேசி சுப்ளி' என்கிறார்கள்.

சிசிலியில் அதே மாதிரி உருண்டைக்கு அரஞ்சினி. அரஞ்சா என்றால் ஆரஞ்சுப் பழம், இனோ என்றால் சின்னது. பொரித்த உருண்டை பொன்னிறத்தில் குட்டி ஆரஞ்சு போலவே இருக்கும். பலெர்மோக்காரர்கள் அதைப் பெண்பாலாக அரஞ்சினா என்பார்கள். கட்டானியாக்காரர்கள் ஆண்பாலாக அரஞ்சினோ என்பார்கள், உருண்டையாக இல்லாமல் எட்னா எரிமலை மாதிரி கூம்பாகவும் பிடிப்பார்கள். சண்டை முற்றி, இத்தாலிய மொழிக்கான அகாதெமியா தெல்லா க்ரூஸ்கா என்ற பழம்பெரும் நிறுவனமே விளக்கம் கொடுக்க வேண்டிவந்தது. இரண்டும் சரி என்று அது சொன்னது. இரு ஊரிலும் யாரும் சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

அந்த அரஞ்சாவைப் பின்தொடர்ந்து பார்த்தால் அரபியில் நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங்க், சமஸ்கிருதத்தில் நாரங்க என்று போகிறது. முதலிலுள்ள 'ந' என்ற எழுத்து இத்தாலிக்குள் நுழையும்போது முன்னாலிருக்கும் 'உன' ('ஒரு') என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டு உதிர்ந்துவிட்டது. சமஸ்கிருதத்துக்கு அது திராவிட மொழியிலிருந்து போயிருக்கலாம் என்று பல அகராதிகள் சொல்கின்றன. நம் நாரத்தையையும் மலையாளத்தின் நாரங்ஙாவையும் நினைத்துக்கொண்டால் காரணம் புரியும். ரிசோட்டோவில் தேடிய தமிழ்வாடை, அடுத்த தட்டிலிருந்த அரஞ்சினியில் வீசுகிறது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அரிசொட்டை விட்டுக்கொடுக்க அவருக்கு வருத்தம்தான். நாரத்தையைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. அன்று இரவே குழுவில் செய்தி வந்தது: "அரஞ்சினி என்ற இத்தாலியப் பெயர் நம் நாரத்தையிலிருந்து போனது." நான் மூன்று முறை அழுத்திச் சொன்ன 'போயிருக்கலாம்' மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்திருந்தது.